நகைச்சுவைக்கு ஆண் மூளை, பெண் மூளை என்று உண்டா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். டிவியில் காமெடிக் காட்சிகள் ஓடும்போது உங்கள் கணவரும் மாமனாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், உங்களுக்குச் சிரிப்பே வருவதில்லை. "பொம்பளைங்களுக்கு மூளையிலேயே அந்த சென்ஸ் கிடையாது" என்கிறார் கணவர். நீங்களோ, நகைச்சுவையைக் கேட்டால் பெண்களின் மூளைதான் கூடுதலாக மகிழ்கிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்வதாகப் படித்திருக்கிறீர்கள். இரண்டில் எது சரி என்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியைப் பார்த்தால், உங்களுக்குச் சிரிப்பு வராததற்கு உங்கள் மூளைதான் காரணமா, அது பிறவியிலேயே அப்படியா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். உங்கள் கணவர் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நீங்கள் படித்த ஆய்வு உண்மையாகவே நடந்தது, ஆனால் செய்தியில் எழுதிய அளவுக்கு அது எதையும் நிரூபிக்கவில்லை. இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் போக வேண்டும்.

நான் மருத்துவ உளவியல் படித்தவள். நரம்பியல் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பக்கவாதம், தலைக்காயம், மூளைக்கட்டி என்று வருகிறவர்களுக்கு நினைவாற்றல், பேச்சு, புரிதல் எல்லாம் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று சோதிப்பது என் வேலை. நகைச்சுவை அந்தச் சோதனைப் பட்டியலில் எப்போதும் இருப்பதில்லை. ஆனால் நான் கேட்டுவிடுவேன். ஏனென்றால் மூளையின் பல பகுதிகள் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பதை ஒரு ஜோக் காட்டிக்கொடுப்பதுபோல மற்ற சோதனைகள் பல காட்டுவதில்லை. இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் விஷயம், 'நகைச்சுவை உணர்வு' என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் குறைந்தது மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன என்பது. ஜோக் புரிய வேண்டும். புரிந்ததில் சந்தோஷம் பிறக்க வேண்டும். அந்தச் சந்தோஷம் முகத்திலும் மூச்சிலும் சிரிப்பாக வெளிவர வேண்டும். ஒன்று கெட்டு மற்ற இரண்டும் நன்றாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புரிதலை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சு தடுமாறுகிற ஒருவர், வார்த்தை வராவிட்டாலும், பேரனின் குறும்பைப் பார்த்துச் சரியான இடத்தில் சிரிப்பார். வலது நெற்றிப் பகுதியில் அடிபட்ட இன்னொருவர் தெளிவாகப் பேசுவார், கணக்குப் போடுவார், செய்தித்தாள் படித்துச் சொல்வார். ஆனால் ஜோக்கின் முடிவு ஏன் வேடிக்கை என்று அவரால் பிடிக்க முடியாது. டொரண்டோவில் ஷாமி, ஸ்டஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் இதை முறையாகச் சோதித்தார்கள். ஒரு ஜோக்கின் தொடக்கத்தைக் கொடுத்து, பொருத்தமான முடிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வலது முன்மூளை பாதிக்கப்பட்டவர்கள்தான் மிக அதிகமாகத் தடுமாறினார்கள். எதிர்பாராத முடிவு வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிகிறது, அந்த முடிவு கதையோடு ஒட்ட வேண்டும் என்பதுதான் தவறிப்போகிறது. அதனால் சம்பந்தமே இல்லாமல் யாரோ வழுக்கி விழுகிற முடிவைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

சிரிப்பு மட்டும் தனியாக வருவதும் உண்டு. கலிஃபோர்னியாவில் 16 வயதுப் பெண் ஒருத்திக்கு வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன் மூளையின் மேற்பரப்பில் சிறு மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். இடது முன்மூளையில், அசைவுகளைத் திட்டமிடும் பகுதியில் ஓர் இடத்தைத் தொட்டதும் அவள் சிரித்தாள். மின்னோட்டம் குறைவாக இருந்தால் புன்னகை, கூட்டினால் அடக்க முடியாத சிரிப்பு. 1998-ல் வெளியான அந்தக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. ஏன் சிரித்தாய் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் எதிரே இருந்த ஏதோ ஒன்றை அவள் காரணமாகச் சொன்னாள். ஒரு முறை குதிரைப் படம் என்றாள், இன்னொரு முறை சுற்றி நின்ற மருத்துவர்களே வேடிக்கையாக இருக்கிறார்கள் என்றாள். சிரிப்புக்கு நாம் சொல்கிற காரணமும் உண்மையான காரணமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. 'எனக்குச் சிரிப்பு வருவதில்லை, என் மூளை அப்படி' என்று ஒருவர் தன்னைப் பற்றியே தீர்ப்பு எழுதும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, நீங்கள் படித்த ஆய்வுக்கு வருகிறேன். அநேகமாக அது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரீஸ் என்பவரின் குழு செய்து 2005 நவம்பரில் வெளியிட்டதாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பே அதே குழு ஒன்றைக் காட்டியிருந்தது. வேடிக்கையான கார்ட்டூனைப் பார்க்கும்போது, உணவு, பணம், போதைப்பொருள் போன்றவற்றுக்குக் கிளர்ந்தெழும் அதே வெகுமதிச் சுற்று மூளையில் வேலை செய்கிறது என்பதுதான் அது. அதன் நடுவில் நியூக்ளியஸ் அக்யூம்பென்ஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் அதிகம் புழங்கும் இடம். ஜோக் தருகிற இன்பம் நிஜமான இன்பம், வெறும் புத்தி விளையாட்டு இல்லை என்பதற்கு அது நல்ல சான்று. அந்தப் பகுதியின் செயல்பாடு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறதா என்று பார்ப்பதுதான் 2005 ஆய்வு.

பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். ஒவ்வொருவரையும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்து 70 கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்களைக் காட்டினார்கள். எது வேடிக்கை, எது இல்லை என்று அவர்கள் சொல்ல வேண்டும். எவ்வளவு வேடிக்கை என்று மதிப்பெண்ணும் போட வேண்டும். கிடைத்த முடிவுகளில் பெரும்பகுதி செய்தியில் வரவே இல்லை. ஆண்களும் பெண்களும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையிலான கார்ட்டூன்களை வேடிக்கை என்றார்கள். வேடிக்கையானதை வேடிக்கை என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. பொருளைப் புரிந்துகொள்ளும் பகுதிகளும் மொழிப் பகுதிகளும் இரு பாலருக்கும் ஒன்றுபோலவே இயங்கின. 'பெண்களுக்கு அந்த சென்ஸ் இல்லை' என்பதற்கு நேரெதிரான முடிவு இது. அதுவும் மூளைப் படங்களை அலசும் முன்பே, அவர்கள் அழுத்திய பட்டனிலேயே தெரிந்துவிட்ட முடிவு.

வேறுபாடும் இருந்தது. பெண்களுக்கு இடது முன்மூளையின் புறணி, அதாவது மேலடுக்கு, கூடுதலாக இயங்கியது. மொழியை அலசுவது, நினைவில் வைத்து ஒப்பிடுவது போன்ற வேலைகள் நடக்கும் பகுதி அது. நியூக்ளியஸ் அக்யூம்பென்ஸிலும் பெண்களுக்குச் செயல்பாடு கூடுதல். கார்ட்டூன் எவ்வளவு வேடிக்கையாகப் பட்டதோ அந்த அளவுக்கு அதுவும் ஏறியது. வேடிக்கை இல்லாத கார்ட்டூனை 'இது வேடிக்கை இல்லை' என்று ஒதுக்குவதில் பெண்கள் வேகமாக இருந்தார்கள்.

இதற்கு ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அது விளக்கம்தான், கண்டுபிடிப்பு இல்லை. குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் செய்த ஆய்வுகளை வைத்து ஷுல்ட்ஸ், டயான், மாண்டேக் ஆகிய மூவர் 1997-ல் ஒன்றை எழுதினார்கள். டோபமைன் நரம்பணுக்கள் வெகுமதியைக் கண்டதால் மட்டும் துடிப்பதில்லை. எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தால் துடிக்கின்றன, எதிர்பார்த்தபடியே கிடைத்தால் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, எதிர்பார்த்தது வராவிட்டால் அடங்கிப்போகின்றன. தீபாவளிக்கு வழக்கமாக வரும் போனஸைவிட, யாரும் சொல்லாமல் கையில் கிடைத்த சிறு தொகை கூடுதல் சந்தோஷம் தருவது இப்படித்தான். ரீஸ் குழுவின் ஊகம் என்னவென்றால், கார்ட்டூன் என்றதுமே ஆண்கள் 'இது வேடிக்கையாகத்தான் இருக்கும்' என்ற எதிர்பார்ப்போடு பார்த்தார்கள். பெண்கள் அப்படி முன்முடிவு எதுவும் இல்லாமல் அலசிப் பார்த்தார்கள், அதனால் நிஜமாகவே வேடிக்கையாக இருந்தபோது அவர்களுக்குக் கிடைத்த ஆச்சரியம் பெரிது. இந்த ஊகம் சரி என்றால், அங்கே வேறுபட்டது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு என்பது நாம் வளர்ந்த விதத்தாலும், முன்பு பார்த்தவற்றாலும் பெருமளவுக்கு உருவாகிற ஒன்று. ஆக, அந்த ஸ்கேன் படத்தைக் காட்டி 'பிறவியிலேயே இப்படி' என்று யாரும் சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் அப்படி நிரூபித்ததாகச் சொல்லவில்லை.

இந்த ஆய்வின்மீது எவ்வளவு பாரம் ஏற்றலாம்? என் கருத்தில், மிகக் கொஞ்சம். முதல் காரணம் பத்தும் பத்தும் இருபது பேர் என்பது. மனிதருக்கு மனிதர் மூளைச் செயல்பாடு அவ்வளவு மாறுபடும்போது, பத்துப் பேரின் சராசரியை வைத்து உலகத்தில் பாதிப் பேரைப் பற்றிப் பேசக் கூடாது. 2005-ல் ஸ்கேன் நேரம் விலை அதிகம், எல்லோருமே அந்த அளவில்தான் செய்தார்கள். அதனால் அந்தக் குழுவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைய வழக்கம் இன்று நமக்குச் சான்றாகிவிடாது. அதுவும் ஆண் பெண் வேறுபாடு தேடும் மூளை ஆய்வுகளில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வேறுபாடு தெரிந்தால் கட்டுரை வெளிவருகிறது, தெரியாவிட்டால் அலமாரியிலேயே கிடக்கிறது. 2018-ல் ஒரு குழு இப்படிப்பட்ட 179 கட்டுரைகளைச் சேர்த்து அலசியது. ஆய்வில் பங்கெடுத்தவர்கள் அதிகமாக இருந்தால் கண்டுபிடித்த வேறுபாடுகளும் அதிகமாக இருக்க வேண்டும், கணக்கு அப்படித்தான். அந்தத் தொடர்பு அங்கே தென்படவில்லை. வெளியானவற்றில் ஒரு பகுதி தற்செயலாகத் தோன்றிய வேறுபாடாக இருக்கலாம் என்பதற்கு அது வலுவான அறிகுறி.

இரண்டாவது காரணம் ஸ்கேன் எதை அளக்கிறது என்பது. எஃப்எம்ஆர்ஐ நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும், அந்த மாற்றம் உச்சத்தைத் தொட ஐந்தாறு நொடிகள் ஆகும், அதைத்தான் கருவி பிடிக்கிறது. ஒரு ஜோக் புரிவதும் சிரிப்பு வெடிப்பதும் அதற்குள் முடிந்துபோயிருக்கும். அப்புறம், நியூக்ளியஸ் அக்யூம்பென்ஸ் இயங்கியது என்றால் அவருக்கு இன்பம் கூடியது என்று நேரே சொல்லிவிட முடியாது. அந்தப் பகுதி ஆச்சரியத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் புதுமைக்கும்கூட இயங்கும். 'பெண்கள் அதிகம் ரசிக்கிறார்கள்' என்ற தலைப்பு இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. அவர்கள் கொடுத்த மதிப்பெண் அப்படிச் சொல்லவில்லையே.

மூன்றாவது காரணத்தை ஸ்கேன் அறைக்குள் போய் வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. உள்ளே தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும், சில மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் கெட்டுவிடும். அதாவது ஜோக்கைப் பார்த்துவிட்டுச் சிரிக்கக் கூடாது! காதடைப்பான் வைத்தும் இயந்திரம் தடதடவென்று இரையும். பக்கத்தில் யாரும் கிடையாது. நகைச்சுவை என்பது பெரும்பாலும் மனிதர்களுக்கு நடுவே நடக்கிற காரியம். அதைத் தனிமையில், அசையாமல், சத்தத்தில், வார்த்தையும் நிறமும் குறைந்த கார்ட்டூனாகச் சுருக்கித்தான் ஆராய முடிகிறது. அடிப்படையான சில உண்மைகள் அதில் தெரியவரும் என்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் வீட்டு டிவி முன்னால் நடப்பது அதில் தெரியாது.

இதற்குப் பிறகு வந்தவை என்ன சொல்கின்றன? 2011-ல் ஜெர்மனியில் ஒரு குழு, உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா, இன்சுலா போன்ற பகுதிகள் நகைச்சுவைக்குப் பெண்களிடம் கூடுதலாக இயங்குவதாகச் சொன்னது. 2013-ல் ஸ்டான்ஃபோர்ட் குழுவே 6 முதல் 13 வயது வரையிலான 22 குழந்தைகளுக்குச் சிறு வீடியோக்களைக் காட்டியது. அண்ணன் தங்கை, அக்கா தம்பி போன்ற உடன்பிறந்தவர்களாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களை ஒப்பிடுவது நல்ல யோசனை. வேடிக்கைக் காட்சிகளுக்குச் சிறுமிகளின் மூளை கூடுதலாக இயங்கியது. ஆக, ஒரே திசையைக் காட்டும் சில சிறிய ஆய்வுகள் இருக்கின்றன; அதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் எந்தப் பகுதி என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது, எல்லாமே சிறியவை. 'ஆறு வயதிலேயே தெரிகிறது, அப்படியானால் பிறவிதான்' என்று வாதிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு வயதுக்குள் ஒரு பெண் குழந்தை 'பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காதே' என்று எத்தனை முறை கேட்டிருக்கும்? ஆண் குழந்தை எத்தனை முறை கேட்டிருக்கும்? மூளை அந்த ஆறு வருடமும் கற்றுக்கொண்டேதான் இருந்தது.

பொதுவாகவே 'ஆண் மூளை', 'பெண் மூளை' என்று இரண்டு தனி வகை உண்டா என்ற விவாதத்தில் நான் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெல் அவிவில் டாஃப்னா ஜோயல் குழு 2015-ல் 1400-க்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்தது. சராசரியில் வேறுபடும் கூறுகள் இருக்கின்றன, ஆனால் ஒரு தனி மனிதரின் மூளையில் எல்லாக் கூறுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது மிக அரிது. பெரும்பாலானவர்களிடம் கலவையாகவே இருக்கிறது என்றது. முப்பது வருட ஆய்வுகளைத் தொகுத்து லீஸ் எலியட் குழு 2021-ல் எழுதியது இன்னும் நேரடியானது. ஆண்களின் மூளை சராசரியாக 11 சதவீதம் பெரிது, உடல் அளவைப் போல. அந்த அளவு வேறுபாட்டைக் கழித்துவிட்டால், மூளை அமைப்பில் மனிதருக்கு மனிதர் காணும் மாறுபாட்டில் பால் வேறுபாட்டால் விளக்கப்படுவது சுமார் 1 சதவீதம். இதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், எல்லாக் கூறுகளையும் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தால் ஆணா பெண்ணா என்று அது நன்றாகவே ஊகிக்கிறது என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க உதவுகிற கூறு, ஜோக்கை ரசிக்கும் திறனோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

இப்போது ஸ்கேன் அறையை விட்டு வெளியே வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு உறுதியான சான்று வெளியேதான் இருக்கிறது. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் கடைவீதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் மக்கள் பேசிக்கொள்வதைக் கவனித்து 1200 சிரிப்புத் தருணங்களைக் குறித்துக்கொண்டார். சிரிப்புக்கு முன்னால் சொல்லப்பட்ட வாக்கியங்களில் 10 முதல் 20 சதவீதம்தான் ஓரளவாவது நகைச்சுவை என்று சொல்லத்தக்கவை. மற்றவை 'அப்போ பார்க்கலாம்', 'அப்படியா' ரகம். கேட்பவரைவிடப் பேசுபவர்தான் அதிகம் சிரிக்கிறார், 46 சதவீதம் அதிகம். ஆனால் ஒரு பெண் பேச, ஓர் ஆண் கேட்கும்போது, அந்தப் பெண் அவரைவிட 127 சதவீதம் கூடுதலாகச் சிரிக்கிறார். ஆண் பேச, பெண் கேட்டால், பேசும் ஆண் அவளைவிட 7 சதவீதம் குறைவாகச் சிரிக்கிறார். இது அமெரிக்காவில் எண்ணியது. இங்கே எண்ணினால் அளவுகள் மாறலாம். இருந்தாலும் நடந்தது என்ன என்று பாருங்கள். அங்கே பெண்களின் சிரிப்பில் பெரும்பகுதி ஜோக்கால் வந்ததே இல்லை. பேச்சை இதமாக வைத்துக்கொள்ள, எதிராளியைச் சங்கடப்படுத்தாமல் இருக்க, உறவைக் காப்பாற்றச் சிரிக்கிற சிரிப்பு அது. மூளைப் பகுதிகளைப் பேசும் எந்தக் கட்டுரையைவிடவும் இந்த எண்கள் எனக்கு நிறையச் சொல்கின்றன.

ஜோக் சொல்வதில் யார் திறமைசாலி என்பது வேறு கேள்வி, ஆனால் வீட்டு விவாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எழுதியவர் ஆணா பெண்ணா என்று தெரியாத நடுவர்கள் மதிப்பெண் போட்ட ஆய்வுகளை 2020-ல் தொகுத்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சராசரியில் ஆண்கள் கொஞ்சம் முன்னால். பெண்களின் சராசரியைத் தாண்டிய ஆண்கள் 63 சதவீதம். வேறுபாடே இல்லை என்றால் அது 50 ஆக இருந்திருக்கும். ஆக வேறுபாடு உண்டு, சிறியது. காரணம் இயல்பா பழக்கமா என்பது அதிலிருந்து தெரியாது. கலிஃபோர்னியாவில் 2012-ல் செய்த இன்னொரு சோதனையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நியூயார்க்கர் இதழின் கார்ட்டூன்களுக்கு ஆண்களும் பெண்களும் வசனம் எழுதினார்கள். ஐந்துக்கு வெறும் 0.11 புள்ளி ஆண்கள் முன்னால், அதுவும் பெரும்பாலும் ஆண் வாசகர்களின் கணக்கில். பிற்பாடு எந்த வசனத்தை யார் எழுதியது என்று நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னபோது, நல்ல வசனங்களை ஆண் எழுதியதாகவும் சுமாரானவற்றைப் பெண் எழுதியதாகவும் மாற்றி நினைவு வைத்திருந்தார்கள். என் அனுபவத்திலும் இதன் நிழல் இருக்கிறது. நோயாளியாக வந்திருப்பவர் ஆண் என்றால், 'முன்னாடியெல்லாம் ஜோக்கடிச்சுக்கிட்டே இருப்பாரு, இப்ப பேசறதே இல்ல' என்று குடும்பத்தார் தாங்களாகவே சொல்வார்கள். அதே நிலையில் இருக்கும் ஓர் அம்மாவைப் பற்றி நான் கேட்டால்தான், 'ஆமா, அம்மா பேசினா வீடே சிரிக்கும்' என்று மகளுக்கு ஞாபகம் வரும். இப்படி வந்து சேர்கிற தகவலை வைத்து ஆண் பெண் வேறுபாடு பற்றி என் நோயாளிகளிடமிருந்து எந்த முடிவுக்கும் நான் வர மாட்டேன்.

கடைசியாக, நீங்கள் ஏன் சிரிக்கவில்லை என்பது. உங்களை நேரில் பார்க்காமல் காரணம் இதுதான் என்று சொல்வது சரியில்லை. ஆனால் ஒரு தகவல் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தங்கையோடு போனில் பேசினால் வயிறு வலிக்கச் சிரிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். புரிதல், இன்பம், சிரிப்பு என்று மேலே சொன்ன மூன்றும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு அது போதும். அப்படியானால் பார்க்க வேண்டியது அந்தக் காட்சிகளை. நகைச்சுவை உளவியலில் டால்ஃப் ஸில்மன், ஜோஆன் காண்டர் ஆகியோர் எழுபதுகளில் இருந்து ஆராய்ந்த கருத்து ஒன்று உண்டு. ஒருவரை மட்டம் தட்டுகிற ஜோக் நமக்கு எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்பது, அடிபடுகிறவர்மீது நமக்கு என்ன உணர்வு என்பதைப் பொறுத்தது. நமக்குப் பிடிக்காதவர் அடிபட்டால் சிரிப்பு கூடும், நம்மவர் என்று நினைப்பவர் அடிபட்டால் குறையும். நம் காமெடிக் காட்சிகளில் அடிபடுவது யார்? பெண்டாட்டியின் சமையல், மாமியாரின் வாய், ஒரு பெண்ணின் நிறம், உடல் பருமன். ஆண்களும் அடிவாங்குகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் உங்கள் மூன்று பேரில் அந்த அடி யார்மேல் பட்டுக்கொண்டே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு அந்த நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, பாதிக் காட்சியைக் காதால் மட்டும் கேட்கிறவர் நீங்கள்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜோக்கின் முதல் பாதியைத் தவறவிட்டால் யாருக்குமே இரண்டாம் பாதி வேலை செய்யாது. அடுத்த முறை கணவரை அடுப்படியில் நிற்கச் சொல்லிவிட்டு, நீங்களும் தங்கையும் எதற்குச் சிரிப்பீர்களோ அப்படி ஒன்றை நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.

உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவலாம் என்பதால் எழுதுகிறேன். வாழ்நாள் முழுக்க ஒருவகை ஜோக்குக்குச் சிரிக்காமல் இருப்பது ரசனை. நடுவயதுக்கு மேல் ரசனை மாறுவதைத்தான் நாங்கள் கவனிப்போம். லண்டனில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பலவகை மறதி நோய்கள் வந்த 48 பேரின் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் விசாரித்தபோது, மற்ற அறிகுறிகள் தெரிவதற்குச் சுமார் ஒன்பது வருடம் முன்பிருந்தே நகைச்சுவை ரசனை மாறியதாகப் பலர் சொன்னார்கள். நாய் குரைப்பதற்கும், கோணலாக நிறுத்திய காருக்கும், துக்கச் செய்திக்கும்கூடச் சிலர் சிரித்திருக்கிறார்கள். ஆணோ பெண்ணோ, நயமான கிண்டலை ரசித்தவர் திடீரென்று அது புரியாமல் விழிக்கிறார், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்கிறார், கூடவே குணமும் மாறுகிறது என்றால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது எப்போது, எதற்குச் சிரித்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஸ்கேனில் தெரியாத சில விஷயங்கள் எங்களுக்கு அந்தத் தாளில் கிடைத்துவிடும்.